இடப்பக்கம் இருட்டிய இணைச்சீர்ப் படம்

எருத்தேன்பதி,
9-2-77, புதன்கிழமை.

மகா கனம் பொருந்திய மாப்பிள்ளை ரத்தினசாமி அவர்கள் சமூகத்துக்கு, மாமனார் செங்கோட்டையன் மிக்க மரியாதையுடன் எழுதிக்கொண்ட கடிதம். இவ்விடம் நானும், உங்கள் அத்தை பொன்னாத்தாளும், மகன் குப்பண்ணனும், புது மருமகளும், போன வாரம் கன்று ஈன்ற எருமையும் சுகம். அவ்விடம் தாங்களும், என் மகள் சரசுவும், மாட்டுப்பட்டிப் பண்ணையில் தங்கள் மேற்பார்வையில் உள்ள சகல மாடு கன்றுகளும் சுகமாக இருக்க வேண்டுமென்று மாரியம்மனை வேண்டிக்கொள்கிறோம். இங்கே கிழக்குக் காற்று இன்னும் அடங்கவில்லை. தாள் பறக்காமல் இருக்க அதன் தலைமேல் கட்டிங் பிளேயரை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் காற்றின்மேல் குற்றம் என்று பொறுத்துக்கொள்ளவும்.

இப்பவும் தங்களுக்குத் தெரியப்படுத்த வேண்டிய விஷயம் என்னவென்றால், சரசுவுக்கு இது ஏழாம் மாதம். மாசி பத்தாம் தேதி நல்ல நாள் பார்த்து, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு மாட்டுப்பட்டிக்கு வந்து, விருந்து செய்து, அவளைப் பிரசவத்துக்கு இங்கே அழைத்து வருவதாக நாங்கள் நிச்சயித்திருந்தோம். அதற்கு அவளிடமிருந்து ஒரு கார்டு வந்தது. கார்டில் ஒரே வரி. “கட்டுச்சோறு வேண்டாம், பிரசவம் இங்கேயே பார்த்துக்கொள்கிறேன்.” தலைப்பிள்ளையைத் தாய் வீட்டில் பெறாமல் பனிமலை மேலே பெறுவதா? அந்தக் கார்டைப் படித்த நாளிலிருந்து உங்கள் அத்தை ஒரு வேளைதான் சாப்பிடுகிறாள். அந்த ஒரு வேளையிலும் என்னைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறாள். எனக்குச் சோறு இறங்குவதில்லை. ஆகவே தாங்கள் தயவுசெய்து இந்தக் கடிதத்தை முழுவதும் படித்து, குப்பண்ணன் கல்யாணத்துப் படத்தில் சரசுவின் பாதியை இருட்டாக்கியது அவளுடைய அப்பன் அல்ல, ஷட்டர்தான் என்று அவளுக்கு விளங்க வைக்க வேண்டும். ஷட்டர் என்றால் உங்கள் ஊர் அணையில் இருக்கும் ஷட்டர் அல்ல. கேமராவுக்குள் இருப்பது.

நடந்ததை ஆதியிலிருந்து சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்குப் போட்டோ பிடிக்க நான் யாரிடமும் கெஞ்சக் கூடாது என்று நினைத்திருந்தேன். என்னோடு வேலை பார்த்த இன்னாசிராஜின் அண்ணன் கப்பலில் போகிறவர். அவர் கொண்டுவந்த ஜப்பான் கேமராவும், அதன் தலைமேல் மாட்டுகிற எலக்ட்ரானிக் ஃப்ளாஷும் இன்னாசிராஜ் வீட்டு அலமாரியில் சும்மா தூங்கிக்கொண்டிருந்தன. கேட்டதும் கொடுத்துவிட்டார். அந்தக் கேமராவைக் கையில் வாங்கிய நிமிஷம் எனக்கு ஒரு மாதிரி மயக்கமாகிவிட்டது, மாப்பிள்ளை. கண்ணை வைத்துப் பார்த்தால் நம்ம ஊரே அதற்குள் சின்னதாய், சுத்தமாய், சத்தமில்லாமல் தெரிகிறது. பனைமரம் ஆடுவது தெரிகிறது, காற்றுச் சத்தம் மட்டும் இல்லை. உங்கள் அத்தை தூரத்தில் எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். அவள் என்னைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறாள், ஆனாலும் கண்ணாடிக்குள் பார்க்க முகம் எத்தனை சாந்தமாக இருந்தது என்கிறீர்கள். கல்யாணமான முப்பது வருஷத்தில் அவளை அப்படிப் பார்த்ததே இல்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கேமராவின் தலையில் ஒரு திருகு உண்டு. அதில் ஒன்று, இரண்டு, நாலு என்று தொடங்கி ஐந்நூறு வரைக்கும் நம்பர் போட்டிருக்கும். ஷட்டர் எத்தனை வேகத்தில் திறந்து மூட வேண்டும் என்பதற்கு அந்த நம்பர். எல்லாம் வெள்ளை எழுத்து. அறுபது மட்டும் ரத்தச் சிவப்பு. அதன் பக்கத்திலேயே ஒரு மின்னல் குறி. நான் முப்பத்தொரு வருஷம் கரண்ட் ஆபீஸில் லைன்மேன் வேலை பார்த்தவன் என்பது தங்களுக்குத் தெரியும். கஞ்சிக்கோட்டிலிருந்து வேலந்தாவளம் வரைக்கும் எத்தனை கம்பத்தில் அந்தச் சிவப்பு மின்னல் பலகையை என் கையால் கட்டியிருக்கிறேன், எத்தனை பேரைக் கத்தி விரட்டியிருக்கிறேன்! சிவப்பு மின்னலைக் கண்டால் என் கை தானாகவே பின்னுக்குப் போகும். ஆகவே அறுபதைத் தொடவில்லை. அதைத் தாண்டி அடுத்த வீடான நூற்றி இருபத்தைந்தில் வைத்தேன். கையிலிருப்பது கப்பல் சாமான், நாளைக்கு இன்னாசிராஜுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான்தானே என்ற பயமும் இருந்தது. அந்தக் கேமராவோடு ஒரு சின்னப் புஸ்தகம் இருந்தது உண்மை. அது பூராவும் இங்கிலீஷ், நான் கவரைக்கூடப் பிரிக்கவில்லை.

கல்யாணத்தன்று விடியற்காலை, இன்னும் வெளுக்காத நேரத்தில் இணைச்சீர். தாங்கள் முன்வரிசையில் நின்றீர்கள், ஞாபகமிருக்கும். மாப்பிள்ளைப் பையனோடு கூடப்பிறந்தவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே சேலையின் ஒரு தலைப்பு அவன் கையிலும் மறு தலைப்பு அவள் கையிலும் இருக்க, சீர் நடத்துகிற பெரியவரான அருமைக்காரர் சீர் செய்கிறார். கல்யாணம் ஆனாலும் அண்ணன் தங்கச்சி பந்தம் அறாது என்பதற்குத்தானே அந்தச் சீரே. சரசு குப்பண்ணனுக்கு வலப்பக்கம், எதிரில் நின்று பிடிக்கிற எனக்கு இடப்பக்கம். ஃப்ளாஷ் முதலில் கொசு மாதிரி ‘ஙீ’ என்று ஊதும். ஊதி ஊதிச் சின்னதாய் ஒரு ஆரஞ்சு விளக்கு எரியும். அப்புறம் அமுக்கினால் பளிச்! பந்தலில் இருக்கிற அத்தனை பேரும் ஒரு கணம் அசையாமல் மிதக்கிற மாதிரி இருக்கும். அடுத்த கணம் கண்ணுக்குள்ளே பச்சையாக ஒரு சூரியன் நீந்தும். அந்தப் பச்சைச் சூரியனுக்கு நடுவிலே என்ற மக சரசு சிரிச்சது எனக்கு இன்னைக்கும் தெரியுதுங்க. முப்பத்தாறு படமும் பிடிச்சு முடிச்சப்போ நான் தரையில நடக்கலை.

சித்தூரில் நல்லதம்பி ஸ்டுடியோவுல கழுவக் குடுத்துட்டு நாலு நாள் காத்திருந்தேன். அஞ்சாம் நாள் கவரைப் பிரிச்சா, மாப்பிள்ளை, நான் என்னன்னு சொல்றது! படம் எல்லாத்துலயும் வலப்பக்கம் பளபளன்னு வெளிச்சம், இடப்பக்கம் அமாவாசை. நடுவுல நேர்க்கோடு கிழிச்ச மாதிரி இருட்டு தொடங்குது. இணைச்சீர்ப் படத்துல குப்பண்ணன் முழுசா இருக்கான். அவன் கையில சேலைத் தலைப்பு இருக்கு. அந்தச் சேலை நேராப் போயி இருட்டுக்குள்ள நுழையுது. அந்தப்பக்கம் யார் பிடிச்சிருக்கான்னே இல்லை. அப்புறம் பிடிச்ச குடும்பப் படங்கள்லயும் சரசு அண்ணனை உட்டு நகராம அதே பக்கம் நின்னிருக்கா, அதனால எல்லாத்துலயும் அவ இருட்டுக்குள்ள. தாங்களோ எல்லாப் படத்திலும் வலப்பக்கம் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறீர்கள். தங்களைக் குறை சொல்வதாக நினைக்கக் கூடாது. தங்கள் படம் மிக நன்றாக விழுந்திருக்கிறது.

நல்லதம்பி படத்தைப் பார்த்த உடனே கேட்டாரு, “ஏனுங்க, எந்த நம்பர்ல வெச்சீங்க?”ன்னு. நூத்தி இருபத்தஞ்சுன்னேன். தலையில அடிச்சுக்கிட்டாரு. கேமராவுக்குள்ள ஃபிலிமுக்கு முன்னால ரெண்டு கறுப்புத் துணி இருக்குதாம். அமுக்கினதும் முதல் துணி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஓடி ஜன்னலைத் திறந்துவிடும். பின்னாலயே ரெண்டாவது துணி ஓடி மூடும். முதல் துணி போய்ச் சேர்ந்த அந்த நொடியில்தான் ஃப்ளாஷுக்குக் கரண்ட் போகும். அறுபதுல வெச்சா, அந்த நொடியில ரெண்டாவது துணி இன்னும் கிளம்பவே இல்லை, ஜன்னல் பூராவும் திறந்து கிடக்கும், வெளிச்சம் மூலைமுடுக்கெல்லாம் உழுகும். நூத்தி இருபத்தஞ்சுல வெச்சா, முதல் துணி போய்ச் சேர்றதுக்கு முன்னாலயே ரெண்டாவது அவசரப்பட்டுப் பாதி வழி வந்துடும். பளிச்சுன்னு அடிக்கறப்போ பாதி ஜன்னல் ஏற்கெனவே மூடியாச்சு. மூடின பாதிக்கு நேரா யார் உக்காந்திருக்கா? என்ற மக. சிவப்பு மின்னல் போட்டது தொடாதேன்னு இல்லையாம். ஃப்ளாஷ் மாட்டினா இதுல வையின்னு அர்த்தமாம். இதை ஜப்பான்காரன் கரண்ட் ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செஞ்சிருக்கலாம்.

இதோடு விட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அப்பன் மனசு கேட்குமா? படம் பார்த்துட்டு சரசு “ம்” அப்படின்னா, உங்களோட பஸ் ஏறிப் போயிட்டா. அந்த “ம்” என்னை மூணு வாரம் தின்னுது. அப்புறம் நானும் நல்லதம்பியும் ஒரு யோசனை பண்ணினோம். குப்பண்ணனைத் திரும்பவும் பட்டு வேட்டி கட்டி உக்கார வைக்கிறது, சீர்ப் படத்தைத் திரும்பப் பிடிக்கிறது, சரசு இடத்துல வேற ஒருத்தரை உக்கார வெச்சு, அவ கல்யாணப் போட்டோவிலிருந்து முகத்தை மட்டும் வெட்டி ஒட்டறது. பக்கத்துத் தோட்டத்து முத்தாத்தாள் நல்ல மனசுக்காரி, கூப்பிட்டதும் வந்து உக்காந்தா. இந்த முறை சிவப்பு அறுபது. படம் பூரா வெளிச்சம், ஒரு குறையில்லை. ஆனா முத்தாத்தாளோட உடம்பு தங்களுக்குத் தெரியும். அரிசி மூட்டை தூக்கறவ. அந்தத் தோள் மேல எங்க சரசுவோட கிளிமூஞ்சியை ஒட்டினா பார்க்கறதுக்கு எப்படியிருக்கும்? நல்லதம்பி அழகாத்தான் ஒட்டினாரு. நான் ஒரு தடவைக்கு மூணு தடவை பார்த்தேன், எனக்கு நல்லாத்தான் பட்டுது. சட்டம் போட்டு மாட்டுப்பட்டிக்குப் பார்சல் அனுப்பிட்டேன். இதுக்கு நடுவுல என் மருமக பொறந்த ஊட்டுக்காரங்க, குப்பண்ணன் பட்டு வேட்டியோட வேறொரு பொம்பளை பக்கத்துல உக்காந்து போட்டோ எடுத்தானாமேன்னு கேள்விப்பட்டு, ஒறம்பரை சொந்தக்காரங்க பன்னெண்டு பேர் வேன் வெச்சுக்கிட்டு வந்து நின்னது தனிக் கதை. அவங்களுக்கும் ஷட்டரை விளக்கினேன். சாயந்திரம் வரைக்கும் விளக்கினேன். கடைசியில காப்பி குடிச்சுட்டுப் போயிட்டாங்க. புரிஞ்சுதான்னு நான் கேக்கலை.

அந்தப் பார்சலுக்கும், ஷட்டரை விளக்கி அவளுக்கு நான் எழுதிய லெட்டர்களுக்கும் பதில் வராததால்தான் மார்கழியில் நானே கேமராவும் கையுமாக அங்கே வந்தேன். அன்று தாங்கள் பசு ஒன்று கன்று போட முடியாமல் கிடக்கிறது என்று தொழுவத்தை விட்டு வரவில்லை. சரசு காப்பி கொடுத்தாள். “சாப்பிடுங்க” என்றாள். வெளியே வந்து நில்லு கண்ணு, உன்னை மட்டும் தனியா முழுசா ஒரு படம் பிடிக்கறேன்னேன். வந்து நின்னா. பனி இறங்கிக்கிட்டே இருந்துது. தேயிலைச் செடி தெரியலை, அணை தெரியலை, பக்கத்து ஊடு தெரியலை. தூரத்துல ஒரு மாட்டுக் கழுத்து மணி மட்டும் எங்கேயோ நடந்து போச்சு. அந்த வெள்ளைக்குள்ள என்ற மக கம்பளியைப் போத்திக்கிட்டு, வயித்து மேல ஒரு கையை வெச்சுக்கிட்டு, என்னையே பார்த்துக்கிட்டு நின்னா. குட்டிப் பொண்ணா என்ற முதுகுல தூங்கினவ, இன்னொரு குழந்தைக்கு அம்மாவா நிக்கறா. எனக்கு இது நெசமா கனவான்னே தெரியலை. திருகைச் சிவப்பு அறுபதுல வெச்சு, மூணு வாட்டி சரிபார்த்து, ஆரஞ்சு விளக்கு எரிஞ்சதும் அமுக்கினேன். பனியில பட்ட வெளிச்சம் பூராவும் திரும்பி என்ற மூஞ்சியிலயே அடிச்சுது. கழுவிப் பார்த்தா படம் பூராவும் ஒரே வெள்ளை, நடுவுல பால்ல கரைஞ்ச மாதிரி ஒரு நெழல். முதல்ல பிள்ளையைக் கறுப்பாக்கினேன், அப்புறம் முத்தாத்தாளாக்கினேன், கடைசியில பாலாக்கிட்டேன். இதுக்கு அப்புறம்தான் அந்தக் கார்டு வந்தது.

போன ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஊட்டுல எல்லாரும் தூங்கினப்புறம், ஃபிலிம் இல்லாத கேமராவோட பின்கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு, சுண்ணாம்படிச்ச சுவருக்கு நேரா உக்காந்தேன். அறுபதுல வெச்சு அமுக்கினேன். சின்ன ஜன்னல் பூராவும் வெள்ளையாப் பூத்துது. அப்புறம் நூத்தி இருபத்தஞ்சுல வெச்சு அமுக்கினேன். பளிச்சுன்னப்போ, அந்த ஜன்னல்ல பாதி வரைக்கும் ஒரு கறுப்புத் துணி அசையாம நின்னதைக் கண்ணால பார்த்தேன் மாப்பிள்ளை. ஓடிக்கிட்டிருந்த துணிதான், மின்னல் வெளிச்சத்துல நின்ன மாதிரி தெரியுது. என்ற கட்டைவெரல் அகலம்கூட இல்லை. இதுதானே என்ற பொண்ணு மூஞ்சிக்கு முன்னால வந்து நின்னுதுன்னு எனக்கு அழுகை வந்துட்டுது. திரும்பத் திரும்ப அமுக்கினேன். எத்தனை வாட்டி அமுக்கினாலும் அதே எடத்துல வந்து நிக்குது. பாட்டரி தீர்ற வரைக்கும் பார்த்துக்கிட்டிருந்தேன். வெளியில பனையோலை சலசலன்னுது, எருமை அசை போட்டுது, எனக்கு ஏதோ தண்ணிக்கு அடியில உக்காந்திருக்கற மாதிரி இருந்துது.

ஆகவே மாப்பிள்ளை அவர்களே, தப்பு துணியின் பேரில்தான். தாங்கள் படித்தவர், பண்ணையில் பெரிய பெரிய காளைகளையே பேசி வழிக்குக் கொண்டுவருகிறவர். சரசுவை நல்ல வார்த்தை சொல்லி, மாசி பத்தாம் தேதி கட்டுச்சோற்றுக்குச் சம்மதிக்க வைக்க வேண்டும். சாப்பாட்டுக்கு இடையில் சொல்ல வேண்டாம். கோபமாக இருக்கும்போது சொல்ல வேண்டாம். சந்தோஷமாக இருக்கும்போதும் சொல்ல வேண்டாம், கெட்டுப்போகும். வேறு எப்போது சொல்வது என்பது தங்கள் சாமர்த்தியம். பேரனோ பேத்தியோ என் வீட்டில் கண் திறக்க வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு. அங்குள்ள பெரியவர்களுக்கு என் கும்பிடும், பண்ணைக் கன்றுக்குட்டிகளுக்கு என் பேரைச் சொல்லிக் கழுத்தில் ஒரு தடவலும். தாங்கள் இருவரும் மூவராகிச் சீரும் சிறப்புமாக வாழ மாரியம்மன் காப்பாளாக.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும் மாமனார்,
செங்கோட்டையன்,
லைன்மேன் (ஓய்வு).

பின்குறிப்பு, 10-2-77, வியாழன் சாயந்திரம்: கவருக்குப் பசை தடவிக்கிட்டு இருந்தப்போ பொள்ளாச்சி பஸ் வந்து நின்னுது. சரசு எறங்கறா! கையில தகரப்பெட்டி. உங்க பக்கத்துக் குவார்ட்டர்ஸ் மாரித்தாய் பொள்ளாச்சி வரைக்கும் கூட வந்து பஸ் ஏத்தி உட்டாளாம். வந்தவ நேரா உள்ள போயி, “அம்மா, ரசம் இருக்கா?”ன்னு கேட்டா. உங்க அத்தை அழுதுக்கிட்டே ரசத்துக்குப் புளி கரைச்சா. ரெண்டு வட்டில் சோறு தின்னுட்டு, கட்டில்ல சாஞ்சுக்கிட்டு, மேலே எழுதின கடிதத்தைப் பூராவும் படிச்சா. முத்தாத்தாள் வர்ற எடத்துல வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. பனி வர்ற எடத்துல சிரிக்கலை. கடைசித் தாளை மடிச்சுட்டு, “அப்பா, இத்தனை எழுதினீங்களே, இதுல ஒண்ணு உட்டுப்போச்சுங்க”ன்னா. என்ன கண்ணுன்னேன்.

“அந்தக் கேமராப் புஸ்தகத்தை மொத நாளே நான் படிச்சுட்டேன். சீர்ல உக்காந்த உடனே சொன்னேன், அப்பா, சேப்பு நம்பருக்கு மாத்துங்கன்னு. மூணு வாட்டி சொன்னேன். கம்முனு உக்காரு அம்மிணி, கரண்ட்டைப் பத்தி எனக்கே சொல்ல வந்துட்டியான்னு சொன்னீங்க. பந்தலே சிரிச்சுது. படம் போனாப் போச்சுங்க. நான் சொன்னது உங்க காதுல ஏறவே இல்லைங்கறதுதான் எனக்கு வருத்தம். அதுக்கு ஒரு வரி வரும்னு பார்த்தேன். ஷட்டரைப் பத்தியே லெட்டர் மேல லெட்டரா வந்துது.”

சொன்னா மாப்பிள்ளை. மூணு வாட்டி சொன்னா. எனக்கு இப்பத்தான் ஞாபகம் வருதுன்னு எழுதினா அது பொய். அப்பவே காதுல உழுந்துது. தப்புதான் கண்ணு, துணி மேல பழியைப் போட்டுட்டேன்னேன். “சரி, உடுங்க, இன்னும் கொஞ்சம் ரசம் கொண்டாங்க”ன்னா.

ஆகவே மேற்படி கடிதத்தை எழுதாததாகப் பாவித்துக்கொள்ளவும். ஆனாலும் அனுப்புகிறேன், ஏனென்றால் இன்னொரு விஷயம் இருக்கிறது. வியாழக்கிழமை பஸ்ஸுக்கு ஊருக்குப் போறேன்னு திங்கட்கிழமையே உங்களிடம் சொன்னாளாம். தாங்கள் பேப்பரை இறக்காமல் “ம்” என்றீர்களாம். செவ்வாய்க்கிழமையும் சொன்னாளாம், அதற்கும் “ம்” தானாம். அவள் வீட்டில் இல்லை என்பதை இந்தக் கடிதம் வருவதற்கு முன்னாலேயே தாங்கள் கவனித்திருந்தால், எந்தக் கிழமை கவனித்தீர்கள் என்று உடனே தந்தி கொடுக்கச் சொல்கிறாள்.